மேஸ்திரி இல்லாத கப்பல்

கப்பலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் உங்களுக்கெல்லாம் நேரம் போவதே தெரியாது. எந்தத் தொடரில் எந்தக் கேப்டன், எந்தக் கிரகத்தில் யார் செத்தார், எந்தப் படத்தைத் தலைமுழுக வேண்டும் என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறீர்கள். மருந்துச் சீட்டைப் படிக்கக் கண்ணாடி தேடுகிற வயதிலும் அதில் மட்டும் ஞாபகம் பிசகுவதில்லை. போன வாரம் நம் ரசிகர் கூட்டத்தில் ஒருவர் என்னைக் கேட்டார், நடுவில் பதினோரு வருஷம் உங்களுக்கு எதுவுமே தெரியவில்லையே, ஜெயிலில் இருந்தீர்களா என்று. எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெயிலில் இல்லை, கோபத்தில் இருந்தேன். முதலில் மாமா மேல், பிறகு கப்பல் மேல், கடைசியில் என் மேல். அதைச் சொல்ல வேண்டுமென்றால் தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மழைக்காலத்துக்குப் போக வேண்டும். அப்போது எனக்குப் பதினோரு வயது.

ஆங்கிலத்தில் அந்த விண்வெளித் தொடருக்கு நீளமாக ஒரு பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். கன்னட ஊருக்குள் தமிழர்கள் நிறைந்த ஆஸ்டின் டவுனில், எங்கள் தெருவில் யார் வாயிலும் அது நுழையவில்லை. கப்பல் என்றால் போதும், சனிக்கிழமை நாலு மணிக்குத் தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் இருப்பார்கள். பெரியவர்களும் வருவார்கள். எதிர்வீட்டு அக்கா முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு வந்து, பொறுக்கிக்கொண்டே பார்ப்பார். தெருவில் கலர் டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

அந்த டிவி மாமா வேலை செய்த ஓட்டலில் கழித்துக் கட்டியது. பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில் 312 என்று அறை எண் எழுதியிருக்கும். ரிமோட் வரும்போதே கிடையாது. முன்னால் இருந்த பொத்தான்கள் இரண்டு உதிர்ந்துபோய், அந்த ஓட்டைக்குள் பென்சிலை விட்டு அழுத்தினால்தான் சேனல் மாறும். அந்தப் பென்சிலை வேறு எதற்கும் யாரும் தொடக்கூடாது. அரை மணி நேரம் ஓடினால் சூடாகி, இஸ்திரிப் பெட்டியை ஈரத்துணியில் வைத்த மாதிரி ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் எனக்குக் கப்பல்தான் ஞாபகம்.

மாமா அம்மாவின் தம்பி. ஏழாம் வகுப்போடு நின்றவர். ஓட்டலில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்து, பிறகு அறைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலைக்கு வந்திருந்தார். முப்பத்திரண்டு வயது. வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசி அவருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று தெருவில் எல்லோரும் நம்பினார்கள். நான் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நம்பினேன்.

கப்பலில் பேசுவது எங்களில் யாருக்கும் புரியாது. மாமா டிவிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவரும் பேசப் பேசத் தமிழில் சொல்வார். கேப்டனுக்கு ஒரு குரல், சாம்பல் நிற முகத்துக்காரனுக்கு ஒரு குரல். இயந்திர அறையில் இருந்த தலைமைப் பொறியாளருக்கு மாமா வைத்த பெயர் மேஸ்திரி. லாரி ஷெட்டில் பெரிய மெக்கானிக்கை அப்படித்தானே கூப்பிடுவார்கள். மேஸ்திரியின் கீழே வேலை கற்றுக்கொண்ட சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள், அவர் வளர்த்த பெண். மேஸ்திரி ஒரு பயணத்தில் காணாமல் போகிறார். அவள் அந்த இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். வாராவாரம் மாமா சொல்வார், மேஸ்திரியிடமிருந்து இன்றைக்கு ஒரு சிக்னல் வந்திருக்கிறது, ரொம்ப தூரம், அதனால் சரியாகக் கேட்கவில்லை, எதிரிகள் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் வந்துவிடுவார்.

நான் மேஸ்திரிக்காகத்தான் கப்பல் பார்த்தேன். என் அப்பாவும் லாரி மெக்கானிக். மஸ்கட்டில் இருந்தார். நான் நான்காவது படிக்கும்போது போனவர், லீவு கிடைக்காததால் வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை அவரிடமிருந்து வாசனை சோப்பும் பென்சில் டப்பாவும் வரும். நான் சோப்பைக் கரைக்க மனம் வராமல் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொள்வேன். அம்மா கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் கையில் இருக்கிற வேலையை இன்னும் வேகமாகச் செய்வாள்.

அந்த ஜூனில் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்கள். அதனால் எனக்குக் கப்பலில் ஒரு பதவி கிடைத்தது. கதை முடிந்ததும் மாமா எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "சரியா பாப்பா?" என்று கேட்பார். நான், "சரி மாமா" என்பேன். எனக்கு அதில் கால்வாசிகூடப் புரிந்திருக்காது. ஆனால் நான் சரி என்று சொன்ன பிறகுதான் எதிர்வீட்டு அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்.

ஆகஸ்டில் மாமாவுக்கு ஒரு இடம் வந்தது. ஒக்கலிபுரத்துப் பெண். அவள் அப்பா அச்சகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மாமா போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த அன்றைக்கு ஷூவுக்கு இரண்டு தரம் பாலிஷ் போட்டார். அதற்கு முன்னால் நான்கு இடம் தட்டிப்போயிருந்தது, எதனால் என்று எனக்குச் சொன்னதில்லை. இனி அவர்கள் வந்து நம் வீட்டைப் பார்த்துவிட்டால் முடிவாகிவிடும் என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். ஒரு நாள் சமையலறையில் அவளும் மாமாவும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள். நான் உள்ளே போனதும் நின்றது. மாமா கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "உண்மையச் சொல்லிட்டே கட்டிக்கலாம்கா."

இதே நேரத்தில் பள்ளியில் எனக்கு வேறு பிரச்சினை. வகுப்பில் இன்னொருத்தியும் கப்பல் பார்க்கிறவள் என்று தெரிந்தது. அவள் வீட்டில் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் பெரிய மனுஷிபோல, மேஸ்திரியிடமிருந்து சிக்னல் வந்துகொண்டே இருக்கிறது, கூடிய சீக்கிரம் வந்துவிடுவார் என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சிரித்தாள். பக்கத்து வரிசைக்காரிகளைக் கூப்பிட்டு, திரும்ப ஒரு முறை சொல்லச் சொன்னாள். நான் மடத்தனமாகத் திரும்பவும் சொன்னேன். அன்றைக்கு முழுக்க என் முதுகுக்குப் பின்னால் சிக்னல் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் அவள் ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். கப்பலின் ஒவ்வொரு வாரத்துக் கதையையும் சுருக்கிப் போட்ட புத்தகம். அட்டை கிழிந்து, ஓரத்தில் காபிக் கறை. நான் ஒரு வாரம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். மாமா சொன்னவற்றில் பாதிக்குமேல் சரியாகவே இருந்தது, சாம்பல் முகத்துக்காரன்கூடச் சரியாக இருந்தான். மேஸ்திரி கதை மட்டும் அடியோடு வேறு. அதை நான் மூன்று முறை படித்தேன். மாமாவுக்கு அந்த இடத்தில் ஆங்கிலம் புரியவில்லை, புரியாததை வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அதற்கு நான் வாராவாரம் சாட்சி வேறு சொல்லியிருக்கிறேன். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. மாமாவிடம் கேட்கவில்லை. சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

பெண் வீட்டார் வந்ததும் அந்தச் சனிக்கிழமைதான். ஒன்றரையிலிருந்து மூன்று வரை எமகண்டம், அது கழிந்து வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, கூட ஒரு சித்தி. ஆட்டோவில் வந்து, மழைத் தண்ணீரைத் தாண்டி உள்ளே வந்தார்கள். பெண்ணின் அப்பா நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் கன்னடத்தில் "ஹௌதா?" என்பார், அப்படியா என்று வியக்கிற மாதிரி. ஓட்டலில் இருபது வருஷ சர்வீஸ், ஹௌதா. டிவி ஓட்டலிலிருந்து வந்தது, ஹௌதா. பாப்பா இங்கிலீஷ் மீடியம், ஹௌதா.

பெண்ணின் அம்மா அதிகம் பேசவில்லை, சுவரில் இருந்த என் அப்பாவின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முகூர்த்தத்தில் நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியது நீங்கள்தானே என்று அம்மாவைக் கேட்டார். மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போடுவதில்லை, மிச்சத்தை அக்காவோ தங்கையோதான் போட வேண்டும், அதுவும் புருஷனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா தலையை ஆட்டினாள்.

"வீட்டுக்காரர் மஸ்கட்லேர்ந்து வந்துடுவாரில்லம்மா?" என்று கேட்டார் அந்தம்மா.

லீவுக்கு எழுதிப் போட்டாகிவிட்டது என்றாள் அம்மா. சொல்லிவிட்டு போண்டா எடுத்துவர உள்ளே போனாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணி ஆகிவிட்டது. அம்மா அன்றைக்கு யாரும் வரவேண்டாம் என்று தெருவில் சொல்லித்தான் வைத்திருந்தாள். ஆனால் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள், எதிர்வீட்டு அக்கா உதவிக்கு என்று ஏற்கெனவே உள்ளே இருந்தார். விஷயம் என்னவென்று பெண்ணின் அப்பா கேட்க, யாரோ சொல்ல, அவருக்கு ஒரே ஆசை. இங்கிலீஷ் படத்தை மாப்பிள்ளை நேரடியாகத் தமிழில் சொல்வாரா, ஹௌதா, போடுங்கள் பார்ப்போம் என்றார். மாமா இன்னொரு நாள் ஆகட்டும் என்று சொல்லிப் பார்த்தார். அவர் விடவில்லை. மாமா பென்சிலை எடுத்து அழுத்தினார்.

அன்றைக்கு மாமா சொன்ன மாதிரி என்றைக்கும் சொன்னதில்லை. கல்யாண வேட்டிக்கு ஒத்திகை பார்ப்பதுபோல் மடிப்புக் கலையாத வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. கேப்டன் பேசும்போது நெஞ்சு நிமிரும். பெண்ணின் சித்தி போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்துவிட்டார். கடைசியில் இயந்திர அறை வந்தது. சின்னப் பெண் தனியாக நின்றாள். கேப்டன் அவள் தோளில் கை வைத்து ஏதோ சொன்னான். மாமா சொன்னார், மேஸ்திரியிடமிருந்து மறுபடி சிக்னல் வந்திருக்கிறதாம், எதிரிகள் பிடியில் இருக்கிறாராம், கட்டாயம் வருவாராம்.

பெண்ணின் அப்பா தொடையில் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாப்பா, நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே. உங்க மாமா சொல்றதெல்லாம் சரியா?"

மாமா வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்ததை நான் பார்த்தேன். ஆங்கிலம் தெரியாதது வெளியே வந்துவிடுமோ என்கிற பயம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"இல்ல," என்றேன். "மேஸ்திரிய யாரும் புடிச்சிக்கினு போகல. அவரேதான் போயிட்டாரு. வேற ஊர்ல வேற பொம்பளயோட இருக்காரு. கொழந்தகூட இருக்குது. கப்பல்ல எல்லாருக்கும் தெரியும், அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லாம வச்சிருக்காங்க."

பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். வாசலில் நின்ற பெரிய பிள்ளைகள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள், அவள் யாரையும் பார்க்கவில்லை. பெண்ணின் அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் சுவரில் இருந்த என் அப்பாவின் போட்டோவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையில் அப்பாவின் முகம் வந்ததும் எனக்கே விளங்கிப் போயிற்று.

சின்னப் பிள்ளைதானே, தப்பாகச் சொல்கிறாள் என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் தாண்டியிருக்கும். அவர் ஓட்டைக்குள் பென்சிலை விட்டு டிவியை அணைத்தார்.

"பாப்பா சொல்றதுதான் சரி," என்றார். "நான்தான் மாத்திச் சொன்னேன்."

பெண்ணின் அப்பா மட்டும், யாருக்கும் கேட்காத மாதிரி, ஹௌதா என்றார். அவர்கள் காபி குடித்துவிட்டு, கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று மரியாதையாகக் கிளம்பினார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அன்றைக்கு மிஞ்சிய போண்டாக்களை எல்லாம் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். அப்பா எங்கே என்று நான் கேட்கவும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கிளப்பி பஸ்ஸில் ஏற்றினார். எங்கே என்று சொல்லவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் அத்திபெலேயில் இறங்கினோம். மஸ்கட் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றோம். அந்தப் பக்கம் லாரி ஷெட். டயர் ரப்பரும் டீசலும் நாறின. அப்பா ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கழிவுப் பஞ்சில் கை துடைத்தார். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று தத்தித் தத்தி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. பெரிய லாரிகள் போகும்போதெல்லாம் அவர் மறைந்து மறைந்து தெரிந்தார்.

"போய்ப் பேசறியா பாப்பா?" என்று கேட்டார் மாமா.

வேண்டாம் என்று தலையாட்டினேன். மாமா பன் வாங்கிக் கொடுத்தார், அதைக் கையிலேயே வைத்திருந்தேன். திரும்பி வரும்போது அந்த சோப்புகளை எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டேன். மெஜஸ்டிக் பக்கத்தில் ஃபாரின் சாமான் கடையில் என்றார்.

அதோடு கப்பல் போயிற்று. மாமா அந்த டிவியை, தெருவுக்குக் கேபிள் இழுத்தவரிடம் கொடுத்துவிட்டார். பக்கத்துத் தெருவில் வேறு வீட்டில் கலர் டிவி வந்தது, பிள்ளைகள் அங்கே போனார்கள். நான் வளர வளரக் கப்பலும் வளர்ந்தது. இரண்டாவது தொடர், மூன்றாவது தொடர், சினிமா, பிள்ளைகள் முதுகுப் பையில் அதன் படம். எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கல்லூரியில் ஒருவன் என்னை அந்தப் படத்துக்குக் கூப்பிட்டான், அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். பாவம், அவனுக்கு இன்றுவரை காரணம் தெரியாது. மாமாவுக்கு அதற்குப் பிறகு இரண்டு இடம் வந்தது. இரண்டும் அக்கா வீட்டுக்காரர் எங்கே என்கிற கேள்வியில் நின்றது. பிறகு அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்குப் பத்தொன்பது வயதில் வீடு மாற்றினோம். மாமாவின் டிரங்குப் பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது, ஓட்டல் பெயர் அச்சடித்த சின்னக் குறிப்புத் தாள்கள் ஒரு கட்டு கிடைத்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில், கப்பலின் ஒரு வாரத்துக் கதை, மேலே வெள்ளிக்கிழமைத் தேதி, ஓரத்தில் வரவேற்பு அம்மா சொன்னது என்று ஒரு குறிப்பு. கப்பல் ஓட்டலில் வெள்ளிக்கிழமை மாலையே ஓடியிருக்கிறது, எங்கள் வீட்டில் நாங்கள் பார்த்தது மறு ஒளிபரப்பு. மாமா வெள்ளிக்கிழமைகளில் வரவேற்பு மேஜையில் இருந்த அம்மாளிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். எதையும் வாய்க்கு வந்தபடி அடித்துவிடவில்லை. ஒரு தாளில் இப்படி இருந்தது: மேஸ்திரி தானாகவே போய்விட்டார், அங்கே குடும்பம் இருக்கிறது. அதன் கீழே இரண்டு கோடு போட்டு: இது பாப்பாவுக்கு வேண்டாம்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காலி வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நான் நினைத்த அந்த ஒரே இடம்தான் அவர் எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த இடம். கட்டை இருந்தபடியே பெட்டியில் வைத்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உள்ள வியாதி அது.

இரண்டாயிரத்து நாலு டிசம்பர். நான் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். ஒரு வியாழக்கிழமை, அத்திபெலேயிலிருந்து பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் தூரத்து உறவு. அப்பாவோடு இருந்த பெண் போய்ச் சேர்ந்துவிட்டாளாம், பையனை அவள் வீட்டார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம். ஏதோ புத்தி கெட்டுப் போய்விட்டான், கடைசிக் காலத்தில் சேர்த்துக்கொள்ளம்மா என்றார். திங்கட்கிழமை பதில் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனார். தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்த்துக்கொள் என்றார்கள், எதிர்வீட்டு அக்கா உட்பட. அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவைக் கேட்டால் அக்கா இஷ்டம் என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் நான் ஒரு முறை வாயைத் திறந்து பட்டது போதும் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் ஒரே புலம்பல். கப்பலின் புதுத் தொடரில் பழைய பொறியாளரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களாம். ஓடிப்போனவர் இல்லையாம், எதிரிகள் பிடித்து வைத்திருந்தார்களாம், சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தாராம். ஊரை ஏமாற்றுகிறான்கள் என்று கத்தினார். மாமா அன்றைக்குச் சொன்ன அதே கதை. அவரிடமிருந்து சி.டி.யை வாங்கிக்கொண்டேன். பார்ப்பதற்காக வாங்கவில்லை, மாமாவிடம் காட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போட்டோம். மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். தலை முன்பக்கம் வழுக்கை, ஓட்டலில் அப்போது அவர்தான் வரவேற்புப் பகுதிக்குப் பெரியவர், ஆங்கிலம் நிஜமாகவே தண்ணீர் பட்ட பாடு. அம்மா தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வந்துட்டாராம்கா என்று மாமா மட்டும் சிரித்துக்கொண்டு சொன்னார். அம்மா நிமிர்ந்தாள்.

"இன்னா சொல்றான்னு சொல்லுடா," என்றாள்.

மாமா என்னைக் கை காட்டினார். நான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். நரைத்த மேஸ்திரி கப்பல் கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே விடச் சொல்லிக் கேட்கிறார். கதவு திறக்கிறது. இயந்திர அறையில் அந்தப் பெண், இப்போது பெரியவள், எண்ணெய்க் கையோடு திரும்புகிறாள். அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. ஒரு கொட்டை தோலிலிருந்து பாதி வெளியே வந்தபடி இருந்தது. திரையில் அந்தப் பெண் அழுதுகொண்டே, உங்கள் இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது, வாருங்கள் என்றாள். விலகி இடம் விட்டாள்.

எனக்கு வேறு வார்த்தை வந்தது.

"அவ சொல்றா," என்றேன், "இத்தினி வருஷமா இந்த மிஷின நாங்கதான் ஓட்டறோம். உங்க எடம்னு இங்க எதுவும் இல்ல. வந்ததுக்கு ஒரு வாய் சாப்டுட்டுக் கெளம்புங்க."

திரையில் கேப்டன் மேஸ்திரியைக் கட்டிப் பிடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"கட்டிப் புடிக்கிறாங்களேடி?"

"வழியனுப்பறாங்கம்மா."

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மாவின் முடிவில் நான் கை வைத்திருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றும், சில நாள் அப்படித் தோன்றாது. அம்மா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மாமாவிடம் திரும்பினாள்.

"ஏன்டா, சரியாத்தான் சொல்றாளா?"

மாமா என்னைப் பார்த்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் கண்ணில் இருந்த கெஞ்சலை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் நின்றேன். இப்போது நான் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

"ஒரு வார்த்த மாறலக்கா," என்றார்.

அம்மா பாதியில் நின்ற கொட்டையைப் பிதுக்கி ஏனத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்துக்கொண்டே, நாளைக்கு அந்தப் பெரியவர் வந்தால் வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் என்றாள். மாமா எழுந்து அடுத்த சி.டி.யைப் போட்டுவிட்டு, நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.